மரமும் சிலுவையும்: புதிய ஏற்பாட்டின் ஒரு சொல்லும் அதன் தமிழ்ப் பெயர்ப்பும்

ஆய்வுச் சுருக்கம்

இயேசு கொல்லப்பட்ட கருவியைக் குறிக்கப் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலம் இரு சொற்களை ஆள்கிறது. ஒன்று 'ஸ்தௌரோஸ்'; மற்றொன்று 'க்ஸுலோன்'. முன்னதற்குத் தமிழில் 'சிலுவை' என்னும் சொல் நிலைபெற்றுள்ளது. பின்னது மரம் என்று பொருள்படுவது. இயேசுவின் இறப்பைக் குறித்து ஐந்து இடங்களில் மட்டுமே வருவது. அவ்வைந்து இடங்களும் பரிசுத்த வேதாகமத்திலும் திருவிவிலியத்திலும் பெயர்க்கப்பட்டுள்ள முறையை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. மரம் என்னும் சொல் மறையும் இடங்களில் சிலுவையின் பொருளில் ஒரு பகுதியும் உடன் மறைகிறது என்பது இதன் துணிபு.

திறவுச்சொற்கள்: சிலுவை, மரம், சாபம், விவிலிய மொழிபெயர்ப்பு, பவுல், லூக்கா, பேதுரு

முன்னுரை

தமிழில் 'சிலுவை' என்று சொல்லும்போது நமக்கு ஒரு வடிவம் தோன்றுகிறது. கோபுர உச்சியிலும் கல்லறையின் தலைமாட்டிலும் கழுத்துச் சங்கிலியிலும் கண்டு பழகிய வடிவம் அது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ஒருவருக்கு அதற்குரிய கிரேக்கச் சொல் தந்தது வடிவத்தை அன்று, ஒரு தண்டனையை. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரோமை அரசு விதித்த தண்டனை அது. கி.மு. 71இல் ஸ்பார்த்தகசின் அடிமைக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின், சிறைபிடிக்கப்பட்ட ஏறத்தாழ 6000 பேர் கப்புவாவிலிருந்து உரோமை வரையிலான சாலை நெடுகிலும் அறையப்பட்டனர் என்று வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார். கி.மு. 63இல் இராபிரியசுக்காக வாதிட்ட சிசரோ, அச்சொல்லே உரோமைக் குடிமக்களின் கண்ணுக்கும் காதுக்கும் எண்ணத்துக்கும் எட்டாத தொலைவில் இருக்க வேண்டும் என்றார். நாகரிகமுடையோர் வாயில் வரக்கூடாத ஒரு சொல்லைத்தான் ஒரு சமயம் தன் அறிவிப்பின் நடுவில் வைத்தது.

அச்சொல்லின் வடு காலப்போக்கில் ஆறிவிட்டது என்பது எல்லா மொழிகளுக்கும் பொது. தமிழுக்கு மட்டும் உரிய ஒரு செய்தி உண்டு. அதனைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு இரு பெயர்ப்புகள் கொள்ளப்படுகின்றன. ஒன்று, ஹென்றி பவர் தலைமையிலான குழுவால் திருத்தப்பட்டு 1871இல் வெளிவந்து, சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றளவும் வாசிக்கப்பெறும் பரிசுத்த வேதாகமம். மற்றொன்று, 1995இல் பொது மொழிபெயர்ப்பாக வெளிவந்து கத்தோலிக்கத் திருச்சபையில் வழங்கும் திருவிவிலியம். நூற்பெயர்கள் திருவிவிலிய வழக்கைத் தழுவி, தேவைப்படும் இடத்தில் பழைய பெயரும் தரப்படுகின்றன.

இரு சொற்கள்

'ஸ்தௌரோஸ்' என்பதன் முதற்பொருள் நிலத்தில் நாட்டிய கம்பம். புதிய ஏற்பாட்டில் இப்பெயர்ச்சொல் 27 முறை வருகிறது. இதற்கு ஈடாகத் தமிழில் வழங்கும் 'சிலுவை' சிரியாக்கு மொழியின் 'ஸ்லீபா' என்பதன் வழி வந்தது. சிரியாக்கு வழிபாட்டு மரபு வேரூன்றிய மலையாளத்தில் அன்றாட வழக்குச் சொல் போர்த்துக்கீசிய வழியினதான 'குரிசு'. அம்மரபு அத்துணைப் பரவாத தமிழிலோ சிரியாக்குச் சொல்லே வென்றது. தென்கடலோரத்துக் 'குருசடி'களில் மட்டும் மற்றது ஒதுங்கி நிற்கிறது. இது தனியே ஆராயத்தக்கது. இங்கு வேண்டுவது ஒன்றே: 'சிலுவை' என்பதற்குத் தமிழில் வேர் இல்லை. தமிழ்ச் செவிக்கு அது கம்பத்தையோ கட்டையையோ ஆணியையோ நினைவூட்டுவதில்லை. நுழைந்த நாள்முதல் அது சமயச் சொல்லாகவே நுழைந்தது. 'ஸ்தௌரோஸ்' கொலைக்களத்திலிருந்து கோயிலுக்கு வந்த சொல்; 'சிலுவை' கோயிலிலேயே பிறந்த சொல் எனலாம்.

'க்ஸுலோன்' அப்படிப்பட்டதன்று. அது மிக எளிய சொல். நிற்கும் மரம், வெட்டிய மரம், அம்மரத்தால் செய்த தடி, கட்டை, கழுத்திலோ காலிலோ பூட்டும் தளை ஆகிய அனைத்தையும் குறிப்பது. எபிரேயத்தின் 'ஏத்ஸ்' என்னும் சொல்லும் உயிருள்ள மரத்தையும் அறுத்த மரத்தையும் ஒருங்கே குறிக்கும். ஆங்கிலம் போன்ற மொழிகளில் இவ்விரண்டுக்கும் இரு சொற்கள் உள்ளமையால், பெயர்ப்போர் ஏதேனும் ஒன்றைத் தெரிந்துகொண்டு மற்றதை இழக்க வேண்டியுள்ளது. தமிழுக்கு அந்த நெருக்கடி இல்லை. 'மரம் தளிர்த்தது', 'மரத்தால் செய்த கதவு' என்னும் இரு தொடரிலும் நமக்கு ஒரே சொல்தான். மூலமொழிகளின் பொருட்பரப்பு ஏறத்தாழ முழுமையாகத் தமிழ் 'மரம்' என்பதில் அடங்குகிறது. ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு இத்தகைய வாய்ப்பு அரிதாகவே கிட்டும்.

அவ்வாய்ப்பு எவ்வாறு பயன்பட்டது? இயேசுவின் இறப்பைக் குறித்து 'க்ஸுலோன்' வரும் இடங்கள் திருத்தூதர் பணிகள் (அப்போஸ்தலர் நடபடிகள்) 5:30, 10:39, 13:29, கலாத்தியர் 3:13, 1 பேதுரு 2:24. வேதாகமம் முதல் நான்கிடங்களில் 'மரம்' என்றே பெயர்த்து, பேதுருவின் கடிதத்தில் மட்டும் 'சிலுவை' என்கிறது. திருவிவிலியம் கலாத்தியரில் மட்டும் 'மரம்' என்று கொண்டு, ஏனைய நான்கிலும் 'சிலுவை' என்கிறது.

மரத்தின் சாபம்

கலாத்தியரில் இரண்டு பெயர்ப்புகளும் மரத்தைக் கைவிடாமைக்குக் காரணம் வெளிப்படை. அங்கே பவுல் இணைச்சட்டத்தை (உபாகமம்) மேற்கோள் காட்டுகிறார். மேற்கோளின் மூலத்தில் மரம் இருக்க, மேற்கோளில் சிலுவை என்று எழுத இயலாது.

இணைச்சட்டம் 21:22-23 கூறுவது கொலைத்தண்டனைக்குப் பின் பிணத்தை மரத்தில் தொங்கவிடும் வழக்கத்தை. அவ்வாறு தொங்குபவன் கடவுளின் சாபத்துக்கு உள்ளானவன். ஆகவே பிணம் இரவு முழுதும் அங்கே இருக்கலாகாது. இருந்தால் நாடு தீட்டுப்படும். சட்டம் உயிரோடு தொங்கவிடுவதைப் பேசவில்லை. ஆயினும் இயேசுவின் காலத்துக்கு முன்பே இவ்வடிகள் உயிரோடு தொங்கவிடும் தண்டனையோடு இணைக்கப்பட்டன என்பதற்குக் கும்ரான் சுருளேடுகளில் சான்று உண்டு. ஆலயச் சுருள் எனப்படும் ஏடு, தன் மக்களைக் காட்டிக்கொடுத்தவனை மரத்தில் தொங்கவிட, அவன் சாக வேண்டும் என்று வரிசையை மாற்றிச் சொல்கிறது. எனவே அறையப்பட்ட ஒருவரை மெசியா என்று அறிவித்தபோது, கேட்ட யூதருக்கு எழுந்த தடை இழிவுணர்ச்சி மட்டுமன்று, திருச்சட்டமே தடை. இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தீன் எழுதிய உரையாடலில் திரிபோ என்னும் யூதர் இதையே கேட்கிறார். மெசியா துன்புறுவார் என்பதை ஏற்கிறேன். திருச்சட்டம் சபித்த சாவையா அவர் அடைவார் என்பது அவர் வினா.

பவுல் இத்தடையைச் சுற்றிச் செல்லவில்லை. அதன் நடுவே செல்கிறார். சபிக்கப்பட்டவர் என்பது மெய். நமக்காக அவர் சாபமானார் என்கிறார். ஆனால் மேற்கோளில் ஒரு சிறு மாற்றம் செய்கிறார். எழுபதின்மர் கிரேக்கப் பெயர்ப்பிலுள்ள 'கடவுளால்' என்னும் சொல் அவரது மேற்கோளில் இல்லை. இதனை நினைவுப் பிழை என்று ஒதுக்குவது எளிது. அதே அதிகாரத்தில் சொல்லுக்குச் சொல் எண்ணி வாதிடும் ஒருவர் இவ்விடத்தில் மட்டும் அயர்ந்தார் என்பது இவ்வாய்வாளருக்கு ஒப்பவில்லை. சாபம் உண்டு, ஆனால் அது தந்தை மகன்மேல் எறிந்த சாபம் அன்று என்பதை அவ்விடைவெளி சொல்கிறது எனக் கொள்ளலே தகும். பிற்கால இறையியலில் கடவுளின் சினத்தைத் தணிக்கும் பலியாகவே சிலுவையை விளக்கியோர் இந்த விடுபாட்டின்மேல் இன்னும் சற்று நின்றிருக்கலாம்.

இவ்வாதம் முழுவதும் ஊன்றி நிற்பது 'மரம்' என்னும் ஒரு சொல்மேல். மரம் இல்லையேல் சட்டம் இல்லை. சட்டம் இல்லையேல் சாபம் இல்லை.

லூக்காவின் மரம்

லூக்கா நற்செய்தியையும் திருத்தூதர் பணிகளையும் எழுதியவர் ஒருவரே என்பது பெரும்பாலோர் ஏற்பது. நற்செய்தியில் 'ஸ்தௌரோஸ்' மூன்று முறை வருகிறது. திருத்தூதர் பணிகளில் அப்பெயர்ச்சொல் ஒருமுறையேனும் இல்லை. சிலுவையில் அறைதல் என்னும் வினை 2:36, 4:10 ஆகிய இரு இடங்களில் உண்டு. கருவியைப் பெயரிட்டுச் சொல்லும் மூன்று இடங்களிலும் லூக்கா 'மரம்' என்றே சொல்கிறார். இது தற்செயல் ஆகாது. திருவிவிலியம் இம்மூன்றிலும் 'சிலுவை' என்று எழுதும்போது, ஆசிரியர் அந்நூல் முழுவதிலும் ஆளாத ஒரு பெயர்ச்சொல்லை அவர் வாயில் இடுகிறது.

5:30இல் பேதுரு பேசுவது தலைமைச் சங்கத்தின்முன். சட்டம் அறிந்தோர் அவர்கள். மரத்தில் தொங்கவிட்டு என்ற உடனே அவர்களுக்கு இணைச்சட்டம் நினைவில் எழும். 'நீங்கள் சாபத்துக்குள்ளாக்கியவரைக் கடவுள் எழுப்பினார்' என்பதே அவ்வுரையின் கூர். சிலுவை என்று பெயர்த்தால் குற்றச்சாட்டு நிற்கிறது, கூர் மழுங்குகிறது.

13:29 இன்னும் நுட்பமானது. அங்கே இயேசுவை மரத்திலிருந்து இறக்கிக் கல்லறையில் வைத்ததாகப் பவுல் பேசுகிறார். மரத்திலிருந்து இறக்குதல் என்னும் அத்தொடர், வினையும் பெயருமாக, கிரேக்க யோசுவா நூலில் உள்ளது. யோசுவா 10:26-27இல் ஐந்து அரசர்கள் ஐந்து மரங்களில் தொங்கவிடப்படுகின்றனர், பொழுது சாயும் வேளையில் இறக்கப்படுகின்றனர், குகையில் போடப்படுகின்றனர், குகைவாயில் பெருங்கற்கள் வைக்கப்படுகின்றன. மரம், மாலை, குகை, கல் என்னும் வரிசை நற்செய்தி வாசகருக்குப் புதிதன்று. அங்கு அது தோற்ற பகைவர்களின் முடிவு. இங்கு இயேசு அப்பகைவர்களின் இடத்தில் கிடத்தப்படுகிறார். யோசுவாவும் இயேசுவும் கிரேக்கத்தில் ஒரே பெயர் என்பதையும் உடன் எண்ணினால் இத்தலைகீழாக்கம் மேலும் தெளிவுறும். வேதாகமத்தை வாசிக்கும் தமிழர் இரண்டு இடங்களிலும் 'மரம்' என்பதைக் காண்பதால் இதனை உணர வழி உண்டு. திருவிவிலியம் வாசிப்போருக்கு அவ்வழி அடைபட்டுள்ளது.

லூக்காவின் மரம் இன்னும் பரந்தது. இயேசுவைப் பிடிக்க வந்தோர் ஏந்திய தடிகள் (22:52) கிரேக்கத்தில் இதே சொல்லின் பன்மை. கொலைக்களத்துக்குச் செல்லும் வழியில் எருசலேம் மகளிரை நோக்கி அவர் சொன்ன பச்சைமரம் (23:31) இதே சொல். பிலிப்பியில் பவுல், சீலா ஆகியோரின் கால்களை மாட்டிய தொழுமரமும் (திருத்தூதர் பணிகள் 16:24) இதே சொல். அடிக்கும் மரம், எரியும் மரம், கொல்லும் மரம், பூட்டும் மரம் எனத் தொடரும் இவ்வன்முறையின் இழை கிரேக்க வாசகரின் காதில் ஒலித்துக்கொண்டே இருந்திருக்கும். வேதாகமத்தின் 'பச்சைமரம்', 'மரம்', 'தொழுமரம்' என்னும் வரிசை அவ்வொலியைப் பெரிதும் காத்துள்ளது. பெயர்ப்பாளர் திட்டமிட்டுச் செய்தாரோ, தமிழே செய்துகொடுத்ததோ, யாமறியோம்.

அடிமைகளுக்குச் சொன்ன சொல்

வேதாகமம் மரத்தை விட்டுவிடும் ஒரே இடம் 1 பேதுரு 2:24. விட்டிருக்கக்கூடாத இடமும் அதுவே என்பது இவ்வாய்வாளரின் கருத்து.

அப்பகுதி தொடங்குவது 2:18இல். விளிக்கப்படுவோர் 'ஒய்க்கெத்தாய்', அதாவது வீட்டு அடிமைகள். வேதாகமம் 'வேலைக்காரரே' என்கிறது. திருவிவிலியமும் வேலையாளர் என்றே கொள்கிறது. ஊதியம் பெற்று, மனம் ஒப்பாவிடில் விலகிச் செல்லக்கூடிய வேலைக்காரர் அல்லர் அவர்கள், தலைவரின் உடைமை. அநீதியாய் அடிபடுவதைப் பற்றி அவர்களிடம் பேசப்படுகிறது. அதன் தொடர்ச்சியாக இயேசுவின் பாடுகள் எடுத்துரைக்கப்படுகின்றன. அவர் நம் பாவங்களைத் தம் உடலில் 'மரத்தின்மேல்' சுமந்தார். அவருடைய தழும்பால் குணமானீர்கள் என்பது கருத்து. 'தழும்பு' எனப்படும் கிரேக்கச் சொல் சாட்டை பட்டுத் தடித்த வரியைக் குறிப்பது. உரோமைப் பேரரசின் அடிமைக்குச் சாட்டையும் மரமும் நூலறிவால் தெரிந்தவை அல்ல. ஒன்று அவர் முதுகில் இருந்தது. மற்றொன்று தலைவருக்கு எதிராகக் கை ஓங்கினால் ஊர்ப்புறத்தே காத்திருந்தது. இத்தண்டனைக்கு 'அடிமைகளின் தண்டனை' என்றே இலத்தீனில் பெயர் வழங்கியது.

அவ்வடிமைகளிடம், உங்களுக்கென்று வைத்த மரத்தின்மேல் அவர் இருந்தார் என்று சொல்வதற்கும், சிலுவையின்மேல் சுமந்தார் என்று சொல்வதற்கும் உள்ள தொலைவு பெரிது. அடிமை வேலைக்காரர் ஆனார். மரம் சிலுவை ஆயிற்று. ஒரே பகுதியில் நிகழ்ந்த இவ்விரு மென்மையாக்கங்களும் சேர்ந்து, அதனைப் பொதுவான பொறுமை அறிவுரையாக மாற்றிவிட்டன. அடங்கி நடக்கச் சொல்லும் பகுதியாக இது பின்னாளில் பயன்படுத்தப்பட்டதையும் மறைக்க வேண்டியதில்லை. அடிமை என்று வெளிப்படையாகப் பெயர்த்தால் அவ்வறிவுரை இன்றைய வாசகரை உறுத்தும். உறுத்தட்டும். யாரிடம் சொல்லப்பட்டது என்பதை மறைத்து ஒரு கூற்றின் பொருளைக் காக்க முடியாது.

ஏதேனின் விருட்சம்

மரம் கொலைக்கருவியை மட்டும் குறிக்கவில்லை. கிரேக்கத் தொடக்கநூல் 2:9இல் வாழ்வின் மரமும் நன்மை தீமை அறியும் மரமும் 'க்ஸுலோன்' எனப்படுகின்றன. திருவெளிப்பாடு 22:2இல் புதிய நகரின் ஆற்றங்கரையில் நிற்கும் வாழ்வின் மரத்துக்கும் அதே சொல். முதல் நூலிலும் இறுதி நூலிலும் மரம்; நடுவே கொல்கொதாவில் மரம். இரண்டாம் நூற்றாண்டில் இரேனேயு, மரத்தின்வழி நேர்ந்த கீழ்ப்படியாமை மரத்தின்மேல் நிகழ்ந்த கீழ்ப்படிதலால் மாற்றப்பட்டது என்று எழுதியதற்கு இச்சொல்லொற்றுமையே அடிப்படை.

தமிழில் இதன் நிலை வியப்புக்குரியது. கொல்கொதாவில் 'மரம்' என்பதைக் காத்த வேதாகமம் ஏதேனில் 'விருட்சம்' என்கிறது. திருவெளிப்பாட்டிலும் 'ஜீவவிருட்சம்' என்கிறது. ஏதேனிலும் புதிய நகரிலும் 'மரம்' என்று எளிமையாக எழுதிய திருவிவிலியமோ, திருத்தூதர் பணிகளில் 'சிலுவை' என்கிறது. ஒன்று தோட்டத்தில் இழந்ததை மற்றது அங்கே வைத்துள்ளது. மற்றது கொலைக்களத்தில் இழந்ததை முன்னது அங்கே வைத்துள்ளது. இரண்டையும் அருகருகே விரித்து வாசிப்பவருக்கே இரேனேயுவின் வாக்கியம் தமிழில் விளங்கும். நடை குறித்த கொள்கைகளே இதற்குக் காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டினர் புனிதமானவற்றுக்கு வடசொல்லை நாடினர். ஏதேன் புனிதம், ஆகவே விருட்சம். தூக்கிலிடும் இடம் இழிவு, ஆகவே மரம். இருபதாம் நூற்றாண்டினர் தனித்தமிழையும் தெளிவையும் நாடினர். விருட்சம் மரமாயிற்று, தெளிவின்பொருட்டு மரம் சிலுவையாயிற்று. இரு கொள்கைகளும் தம்மளவில் மதிக்கத்தக்கவை.

கழுமரம் பற்றி ஒரு குறிப்பு

கொலைக்கருவியைக் குறிக்கத் தமிழிலேயே 'கழுமரம்' இருக்க, அது ஏன் கொள்ளப்படவில்லை என்னும் வினா எழலாம். முதற்பொருளில் நாட்டிய கம்பமான 'ஸ்தௌரோஸ்' என்பதற்கு அது தொலைவானதன்று. ஆயினும் கழு உடலைத் துளைத்து ஏற்றுவது. சிலுவை உடலைத் தொங்கவிடுவது. மேலும், சமணர் கழுவேறிய கதை சைவ இலக்கியத்தில் ஆழப் பதிந்திருப்பதால் அச்சொல் வேறொரு நினைவைக் கொண்டுவரும். தவிர்த்தது சரியே. எஸ்தர் நூலில் ஆமான் நாட்டிய 'ஏத்ஸ்' வேதாகமத்தில் 'தூக்குமரம்' எனப்படுகிறது. கிரேக்க எஸ்தர் 7:9 அவ்விடத்தில் ஆளும் வினை, நற்செய்திகளில் இயேசுவுக்கு எதிராகக் கூட்டம் எழுப்பிய கூச்சலில் வரும் அதே வினை என்பது இங்கு நினைக்கத்தக்கது.

தெளிவு என்னும் வாதம்

'மரம்' என்று மட்டும் எழுதினால் வாசகர் மயங்குவர், அது சிலுவை என்று உணரமாட்டார் என்பது எதிர்வாதம். இதனை எளிதில் தள்ள இயலாது. முதன்முறை வாசிப்பவருக்காகப் பெயர்ப்பது ஒரு நேர்மையான கொள்கை. ஆனால் ஒன்றரை நூற்றாண்டாக வேதாகமம் வாசித்துவரும் எளிய மக்கள் மரத்திலே தூக்கினார்கள் என்பதைக் கேட்டு, இயேசு எதில் இறந்தார் என்று ஐயுற்றதாகத் தெரியவில்லை. கலாத்தியரில் திருவிவிலியமே மரத்தை வைத்திருக்கிறது. அங்கே எழாத மயக்கம் திருத்தூதர் பணிகளில் எழும் என்பதற்குக் காரணம் இல்லை. 'சிலுவை' என்னும் சொல்லை நீக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கோரிக்கை அன்று. 'ஸ்தௌரோஸ்' வரும் 27 இடங்களிலும் அது இருக்கலாம். மூலம் வேண்டுமென்றே வேறு சொல்லைத் தெரிந்த ஐந்து இடங்களில் தமிழும் வேறு சொல்லைத் தெரிய வேண்டும் என்பதே வேண்டுவது. அடிக்குறிப்பு ஒன்றால் ஐயம் தீரும்.

வெள்ளியும் ஞாயிறும்

கத்தோலிக்க வழிபாட்டில் மரம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பெரிய வெள்ளியன்று திருச்சிலுவையை உயர்த்திக் காட்டும் சடங்கில் இலத்தீன் மூலம் சிலுவையின் 'லிக்னும்', அதாவது மரம், என்று அறிவிக்கிறது. தமிழ் வழிபாட்டிலும் அது 'சிலுவை மரம்' என்றே பாடப்பெறுகிறது. மும்முறை பாட, மக்கள் மண்டியிடுகின்றனர். மூன்றாம் நாள், உயிர்ப்பு ஞாயிறு திருப்பலியின் முதல் வாசகம் திருத்தூதர் பணிகள் 10ஆம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்படுகிறது. கொர்னேலியு என்னும் உரோமை நூற்றுவர் தலைவரின் வீட்டில் பேதுரு பேசிய உரை அது. அத்தண்டனையை நிறைவேற்றும் படையைச் சேர்ந்த ஒருவரிடம், இயேசுவை மரத்தில் தொங்கவிட்டுக் கொன்றதையும் கடவுள் அவரை எழுப்பியதையும் பேதுரு சொல்கிறார். கிரேக்கத்தில் அங்கே இருப்பது 'க்ஸுலோன்'. வெள்ளியன்று மரத்தின்முன் மண்டியிட்ட அதே மக்களுக்கு, ஞாயிறன்று வாசிக்கப்படும் தமிழில் அது 'சிலுவை' என்றே கேட்கிறது.